ஆற்றை வரிக்காசு?

2023 ஜூனில் நடந்த ரொறன்ரோ மேயர் தேர்தலில் 102 பேர் போட்டியிட்டார்கள். ஒலிவியா சௌ வென்றபோது எங்களில் பலர் மகிழ்ந்ததற்கு அவருடைய இடதுசாரிக் கொள்கை காரணம் என்று சொல்லமுடியாது. அவரது குடும்பத்தை எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஹொங்கொங்கிலிருந்து 1970 இல், பதின்மூன்று வயதில் வந்தவர். அங்கே கல்வி அதிகாரியாக இருந்த தகப்பன் இங்கே சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுத்தார், டாக்சி ஓட்டினார். ஆசிரியையான தாய் ஹோட்டலில் வேலை செய்தார். தகப்பன் தாயை அடித்ததையும் 2014 இல் வெளியான தன் நினைவுநூலில் சௌ எழுதினார். இந்த அத்தியாயம் எங்கள் வீடுகளிலும் உண்டு, நாங்கள் எழுதியதில்லை.

எண்பதுகளில் டான் ஹீப் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை செய்தார். ஹீப் பாதிரியார், பெட்டித் தொழிற்சாலையில் கூலிக்கு நின்றவர். அங்கே குடிவரவுக் கோப்புகளோடு வந்தவர்களின் கதைகளைக் கேட்டுத்தான் சௌ அரசியல் படித்தார். 1985 இல் பாடசாலைச் சபை, 1991 இல் மெட்ரோ சபை, 2006 இல் பாராளுமன்றம். 492 தமிழரோடு ‘சன் சீ’ கப்பல் 2010 இல் வந்து சேர்ந்தபோது, அப்படி வருவோரை அடைத்து வைக்க அரசு கொண்டுவந்த சட்டமூலத்தை அவருடைய கட்சி எதிர்த்தது. 2014 மேயர் தேர்தலில் மூன்றாவதாகத்தான் வந்தார்.

அவர் பதவியேற்ற கோடையில் பீற்றர் வீதி நடைபாதையில் அகதிகள் படுத்திருந்தார்கள், பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அகதிகள் மத்திய அரசின் பொறுப்பு என்று சொல்லி, நகரம் தன் தங்குமிடங்களிலிருந்து அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. கறுப்பின மக்களின் தேவாலயங்கள்தான் கதவைத் திறந்தன. எல்லையில் யாரை விடுவது என்பதில் மேயருக்கு ஒரு சொல்லும் இல்லை; வந்தவர் படுக்கும் இடம் மட்டும் அவர் தலையில். ஜூலை 12 இல் பதவியேற்றார். ஒரு கிழமைக்குள் ஒட்டாவா ரொறன்ரோவுக்கு 97 மில்லியன் டொலர் அறிவித்தது. அது போதவில்லை. 2024 இல் வீட்டுவரி 9.5 வீதம் ஏறியது.

அப்போதுதான் எங்கள் வாய் திறந்தது. வரி ஏறியதற்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் நாங்கள் கண்டது நடைபாதையில் படுத்தவர்களை மட்டுமே. “நாங்கள் ஒழுங்காக வந்தனாங்கள்” என்று ஸ்காபரோவில் சொன்னவர்களை எங்களுக்குத் தெரியும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் எந்த ஒழுங்கில் வந்தார்கள்? மீனவர்கள் பிடித்து ஏற்றினார்கள், விசா கேட்கவில்லை.

ஒரு பிறந்தநாள் வீட்டில் இந்தக் கதை சூடாக நடந்தபோது, மூலையில் இருந்த ஒரு அக்கா கேட்டார்: “தம்பி, உம்முடைய முதல் வெல்பெயர் செக் ஆற்றை வரிக்காசு?”

கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போனோம். அந்த வருட வரியை முணுமுணுத்துக்கொண்டே தவணை தவணையாகக் கட்டி முடித்தோம்.