துரையின் துப்பாக்கியும் ஒரு நட்சத்திரமும்

பழைய சாமான் வாங்குகிறவர்கள் முதலில் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். எனக்கோ பளபளப்பைக் கண்டால்தான் சந்தேகம் வரும். முப்பது வருஷம் ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்து, உருளைகளையும் தாங்கிகளையும் அரத்தோடும் எண்ணெயோடும் பார்த்துப் பழகிய கண் இது. தேய்ந்த இரும்பை மறுபடி மெருகேற்றினால், எவ்வளவு கெட்டிக்காரன் செய்தாலும், ஏதாவது ஒரு மூலையில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பாழும் கண்ணுக்குப் போன வருஷம் ஒரு வேலை வந்தது. என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கிறான். முறைப்படி உரிமம் வாங்கிப் பழைய ஆயுதங்களைச் சேகரிக்கிறவன். ஒருநாள் கைபேசியில் பத்துப் பன்னிரண்டு படங்கள் அனுப்பினான். “மாமா, இது மலாயாத் தோட்டத் துரை ஒருவர் அவசரகாலத்தில் இடுப்பில் கட்டியிருந்த ரிவால்வராம். கை படாத பழைய மெருகாம். தாத்தா ஓட்டிய காரில் போன துரையுடையதாகக்கூட இருக்கலாமே! வாங்கட்டுமா?” என்று கேட்டிருந்தான். விலையைப் பார்த்தேன். ஒரு கார் வாங்க முன்பணமே கட்டிவிடலாம்.

அவன் தாத்தா, அதாவது என் தகப்பனார், செண்டாயான் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையின் கார் டிரைவர். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் நாடு முழுவதும் வந்துவிட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீங்கவில்லை. துரைமார் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். சம்பளப் பணம் கொண்டுவரப் போகும் நாளில் அப்பா வீடு திரும்பும்வரை அம்மா சோறு தின்னமாட்டாள். சுடுகிறவனுக்குத் துரை யார், டிரைவர் யார் என்று பார்க்க ஏது நேரம்? துரைக்காவது இடுப்பில் துப்பாக்கி. அப்பாவுக்கு ஸ்டியரிங் மட்டுந்தான். அந்தக் காலத்துப் படமொன்று தங்கை வீட்டில் இருக்கிறது. காரருகே அப்பா, பக்கத்தில் உறை தொங்கும் இடுப்போடு துரை. பையனின் ஆசை எங்கே முளைத்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

சரி, படங்களுக்கு வருவோம். அது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் ‘விக்டரி’ ரகம். 1942 முதல் 1945 வரை யுத்தத்துக்காகச் செய்தது. வரிசை எண்ணுக்கு முன்னால் ‘வி’ எழுத்து இருக்கும். யுத்த அவசரத்தில் இதற்கு நல்ல மெருகு கொடுக்க ஏது நேரம்? மங்கலான சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சோடுதான் ஆலையை விட்டு வெளியே வந்தது. படத்தில் இருந்ததோ கண்ணாடிபோல் மின்னும் கறுநீலம்! ‘கை படாத மெருகு’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

யார் கை பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. தெருமுனைப் பட்டறைக்காரன் மெருகேற்றினால், பப்பிங் சக்கரத்தில் கொடுத்து விளிம்புகளை மழுங்கடித்துவிடுவான். திருகாணித் துளைகள் கிண்ணம்போல் குழிந்துவிடும். பொறித்த எழுத்தின் ஓரங்கள் கரைந்து ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். இன்னொன்று: இந்தக் கம்பெனித் துப்பாக்கிகளில் சுத்தியும் விசையும் சூளையில் வைத்துக் கடினப்படுத்தியவை. எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல் பலநிறச் சாயல் தெரியும். பட்டறைக்காரன் அவற்றையும் சேர்த்து நீலமாக்கிவிடுவான், அல்லது நிக்கல் பூசிவிடுவான். படத்தில் சாயல் அப்படியே இருந்தது, விளிம்புகளும் கூர்மை. அப்படியானால் செய்தது கம்பெனியேதான்.

“அடிப்பக்கத்தில் எண்ணைப் படமெடு. கைப்பிடி மரத்தைக் கழற்றி இடது பக்கத்தையும் எடுக்கச் சொல்” என்று எழுதினேன். வந்தது. வரிசை எண்ணோடு ஒரு சின்ன ஐந்துமுனை நட்சத்திரம். மரத்துக்கு அடியில் செவ்வகக் கட்டத்துக்குள் ‘ஆர்-எஸ்’, பக்கத்தில் 11.56. கம்பெனிக்கே திரும்பி வந்து பழுதுபார்க்கப்பட்டது என்பதற்கு நட்சத்திரம். வழக்கமான நீல மெருகு மறுபடி ஏற்றியதற்கு ஆர்-எஸ். நிக்கல் பூசியிருந்தால் ஆர்-என் என்றிருக்கும். எண்கள் மாதமும் வருஷமும்: 1956 நவம்பர்.

நட்சத்திரம் என்றதும் ஒரு விஷயம். பிரிட்டிஷ் என்பீல்டு ரிவால்வரிலும் நட்சத்திரம் உண்டு; அதற்கு அர்த்தம் வேறு. 1932-ல் வந்த ரகத்தின் சுத்தி உடுப்பில் மாட்டுகிறதென்று, 1938-ல் அதன் கொம்பை நீக்கிப் புதுரகம் செய்து, பெயருக்குப் பின்னால் நட்சத்திரம் சேர்த்தார்கள். பழுதுக்கு வந்த பழைய துப்பாக்கிகளையும் அப்படியே மாற்றியதால், சிலவற்றில் அது பழுதுபார்த்த கதையையும் சேர்த்துச் சொல்லும். பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளை ஆலையில் முழுக்கப் பிரித்துச் செப்பனிட்டால் ‘எப்.டி.ஆர்.’ என்று வருஷத்தோடு பொறிப்பார்கள். ரைபிள்களில் நிறையப் பார்க்கலாம். கோல்ட் கம்பெனிக்கோ ‘&’ அடையாளம். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரையைப் பார்த்துப் பழுது முத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். அது குழாயின் பலத்தைச் சோதித்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

மருமகனின் துப்பாக்கியில் பிரிட்டிஷ் முத்திரை ஒன்றுகூட இல்லை. குழாயில் பொறித்திருந்தது .38 ஸ்பெஷல், அது அமெரிக்கப் படைக்குப் போன தோட்டா. பிரிட்டனுக்கும் அதன் நாடுகளுக்கும் போனவை .38/200 என்ற குட்டைத் தோட்டாவுக்கு அமைந்தவை. அதோடு 1956 நவம்பரில் இது அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு ஆலை மேசையில் கிடந்திருக்கிறது. இங்கே அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். சுட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் துரை, மெருகுக்காக இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி ஏழு கடல் தாண்டி அனுப்பியிருப்பாரா? நடக்கவே முடியாது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விற்கிறவர் கையில் கதையைத் தவிர ஒரு ரசீதுகூட இல்லை.

இதையெல்லாம் எழுதியனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு, “தாத்தா பக்கத்தில் இருந்ததாகவே நினைத்துவிட்டேன் மாமா” என்று ஒரே வரி. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பையன் வாங்கவில்லை. தங்கை வீட்டுப் படத்தைப் பெரிதாக்கி அனுப்பச் சொன்னான், அனுப்பினோம். உறை மூடியிருக்கிறது. உள்ளே இருந்தது என்ன ரகமென்று அதில் தெரியாது. அப்பாவின் முகம் நன்றாகத் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு, லயத்துப் பின்கட்டிலோ பழைய பங்களா மண்ணிலோ துருப்பிடித்த ஒன்று கிடைத்தால், நட்சத்திரம் இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். உரிமமில்லாமல் வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு வருஷம்வரை சிறையும் பிரம்படியும் உண்டு. தாத்தா காலத்துச் சாமான் என்பது அங்கே எடுபடாது. பார்க்க ஆசையென்றால் போர்ட்டிக்சனில் தரைப்படை அரும்பொருளகம் இருக்கிறது. செண்டாயானிலிருந்து ஒரு காலைப் பயணம்தான். கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்து, விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.