நில்லாத பார்வைக்கு நிற்கும் சிற்பங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக் கிழக்குப் புறநகர்களை வடக்கு தெற்காக இணைக்கும் விரைவுச்சாலை ஈஸ்ட்லிங்க். 2008 ஜூன் மாத இறுதியில் திறக்கப்பட்டது. மிச்சமில் தொடங்கி ரிங்வுட், டாண்டினாங் வழியாக ஃபிராங்க்ஸ்டன் வரை ஏறத்தாழ 39 கிலோமீட்டர் செல்கிறது. வழியில் குறுக்கிடும் முல்லம் முல்லம் ஓடைப் பள்ளத்தாக்கின் காட்டை அழிக்காமலிருக்க, அந்தப் பகுதியில் சாலையை நிலத்தடியில் இறக்கி 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கப்பாதை அமைத்தார்கள். சுங்கச்சாவடி எங்கும் கிடையாது. கட்டணம் முழுவதும் மின்னணு முறையில் வசூலாவதால் வண்டி எந்த இடத்திலும் நிற்க வேண்டியதில்லை.

இந்தச் சாலையைக் கட்டும்போதே அதன் தோற்றமும் திட்டமிடப்பட்டது. ஒலித்தடுப்புச் சுவர்கள், பாலங்கள், சுரங்க வாயில்கள் ஆகியவற்றின் கட்டட வடிவமைப்பை வுட் மார்ஷ் நிறுவனமும், நிலவடிவமைப்பை டிராக்ட் நிறுவனமும் செய்தன. வழக்கமாகச் சாலையோரச் சுவர் சத்தத்தை மறிக்கும் வெறும் மறைப்பு. இங்கே அது பயணம் முழுவதும் கூடவே வரும் நீண்ட ஓவியத் திரைச்சீலை போல வார்க்கப்பட்டிருக்கிறது. இதற்கு முன்னோடி மெல்போர்னிலேயே இருந்தது. 1999இல் திறக்கப்பட்ட சிட்டிலிங்க் சாலையின் நுழைவாயிலில் டென்டன் கோர்க்கர் மார்ஷல் நிறுவனம் சாலைக்கு மேலே சாய்ந்து நிற்கும் பெரிய மஞ்சள் உத்தரத்தையும், வரிசையாகச் சாய்ந்த 39 சிவப்புத் தூண்களையும் நிறுவியிருந்தது. விரைவுச்சாலையும் ஒரு நகரத்தின் முகம்தான் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

ஈஸ்ட்லிங்க் ஓரத்தில் நான்கு பெரிய கலைப்படைப்புகள் நிற்கின்றன. கேலம் மோர்ட்டனின் 'ஹோட்டல்', ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் வெட்டவெளியில் தனித்து நிற்கும் ஒரு விடுதிக் கட்டடத்தின் மாதிரி. உள்ளே அறைகள் இல்லை, வரவேற்பு மேசை இல்லை. ஆனாலும் இருட்டியதும் சன்னல்களில் விளக்கு எரியும். உண்மையான விடுதி என்றே நம்பியவர்களும் உண்டு. எமிலி ஃபிளாய்டின் 'பப்ளிக் ஆர்ட் ஸ்ட்ராட்டஜி', பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஒரு கரும்பறவையும் அதன் எதிரே நெளியும் சின்ன மஞ்சள் புழுவும். அந்த மஞ்சளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980இல் மெல்போர்ன் நகரச் சதுக்கத்தில் ரான் ராபர்ட்சன் ஸ்வான் நிறுவிய 'வால்ட்' என்ற மஞ்சள் எஃகுச் சிற்பம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, மறு ஆண்டே அங்கிருந்து அகற்றப்பட்டது. புழு அந்தச் சிற்பத்தை நினைவூட்டுகிறது. பொதுக்கலையைக் கொத்தக் காத்திருக்கும் அலகு எப்போதும் அருகிலேயே இருக்கிறது என்பதை அந்தப் பறவை சொல்லாமல் சொல்கிறது. சைமியன் நெல்சனின் 'டிசையரிங் மெஷின்', சாய்ந்து கிடக்கும் மரம் போலவும் மின்கோபுரம் போலவும் தோன்றும் எஃகுப் பின்னல். ஜேம்ஸ் ஆங்கஸின் 'எலிப்சாய்டல் ஃப்ரீவே ஸ்கல்ப்சர்', முட்டை வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வண்ணக் கூட்டம்.

இவை அருங்காட்சியகச் சிற்பங்களைப் போலச் சுற்றிவந்து பார்ப்பதற்கானவை அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. 300 மீட்டர் தூரத்தில் கண்ணில் படும் பறவை பதினோரு நொடிக்குள் பின்னால் போய்விடும். அந்தப் பதினோரு நொடிக்காகத்தான் சிற்பி அளவையும் நிறத்தையும் முடிவு செய்கிறார். நுணுக்க வேலைப்பாடு அந்த வேகத்தில் எடுபடாது. உருவத்தின் வெளிக்கோடும் அடர்ந்த நிறமும்தான் நிற்கும். ஓடும் வண்டியிலிருந்து தெரியும் காட்சியைத் தனி ஆய்வுப்பொருளாகவே எடுத்துக்கொண்டு டொனால்ட் ஆப்பிள்யார்ட், கெவின் லிஞ்ச், ஜான் மையர் மூவரும் 1964இல் ஒரு நூல் எழுதினார்கள். சாலையைத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் கொண்ட ஓர் இசைநிகழ்ச்சி போல அமைக்கலாம் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய பார்வை.

நிழற்படக் கலைஞருக்கு முதல் கேள்வி இங்கேதான் எழுகிறது. ஓட்டத்தில் காண்பதற்கென்று செய்த பொருளை ஓட்டத்தோடு எடுப்பதா, நிறுத்தி எடுப்பதா? இரண்டு வழிக்கும் முன்னோடிகள் உண்டு. எட் ருஷே 1966இல் வெளியிட்ட நூலுக்காக, லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் வீதியின் கட்டடங்கள் அனைத்தையும் ஓடும் வண்டியில் பொருத்திய கேமராவால் வரிசையாகப் பதிவு செய்தார். கேத்தரின் ஓப்பி 1994–95இல் அதே நகரத்தின் விரைவுச்சாலைகளை ஆளோ வண்டியோ இல்லாத நேரத்தில், பழங்கால நினைவுச்சின்னங்களைப் போல எடுத்தார்.

ஓடும் வண்டியிலிருந்து எடுக்கும்போது கேமரா ஓட்டுநர் கையில் இருக்கவே கூடாது. படம் எடுப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை. ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் வண்டி அதற்குள் நகர்வது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. முப்பதில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 93 சென்டிமீட்டர். இந்த இரண்டாவது வேகத்தில் எடுத்த படத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தடுப்புக் கம்பியும் புல்லும் நீளக் கோடுகளாக இழுபட்டிருக்கும். சுவரின் வண்ணங்கள் சற்றே கரைந்திருக்கும். தொலைவில் உள்ள பறவை மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கண் சாலையில் உணர்வதும் இதைத்தான். முன்கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பைக் குறைக்க, டேஷ்போர்டின் மேல் கறுப்புத் துணி விரிப்பது எளிய வழி.

நின்று எடுக்க விரும்புவோருக்குச் சாலையின் ஓரம் உதவாது. அவசரத் தேவைக்கன்றி விரைவுச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. சாலைக்குத் துணையாக அமைத்த ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீள நடை, சைக்கிள் பாதையும், குறுக்கே செல்லும் மேம்பாலங்களுமே சரியான இடங்கள். மேம்பாலத்திலிருந்து பார்க்கும்போது சாலையின் வளைவும் சுவர்களின் ஓட்டமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும்.

வெளிச்சத்துக்கும் திசைக்கும் இங்கே நெருங்கிய உறவு உண்டு. தென்கோளத்தில் இருப்பதால் மெல்போர்னில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். ஃபிராங்க்ஸ்டன் நோக்கித் தெற்கே போகும்போது வெயில் முதுகுப்பக்கம். எதிரே வரும் பொருள்களின் நிறம் முழுமையாகத் தெரியும். திரும்பி வடக்கே வரும்போது வெயில் எதிரில். நெல்சனின் எஃகுப் பின்னல் போன்ற உருவங்களுக்கு அந்த எதிரொளி அழகு சேர்க்கும். 'ஹோட்டல்' கேட்பது அந்தி நேரம். சூரியன் மறைந்தபின், வானத்தின் நீலமும் சன்னல் விளக்கும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்கு முன் எடுத்தால் விளக்கு தெரியாது, பின் எடுத்தால் கட்டடம் தெரியாது. ட்ரைபாடில் வைத்து எட்டு நொடி திறந்தால், ஒவ்வொரு வண்டியின் விளக்கும் 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஒளிக்கோடாக நீளும். ஓடுவது கோடாகவும் நிற்பது உருவமாகவும் பதியும் அந்தப் படத்தில் சாலையும் சிற்பமும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

சட்டமும் துணை நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிரந்தரமாக நிறுவிய சிற்பங்களைப் படம் எடுக்கவும் வெளியிடவும் இடம் தருகிறது. சுவரோவியங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

புதிய சாலையைப் புதிதாக இருக்கும்போதே படம் பிடிப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. திறந்த ஆண்டில் கான்கிரீட் வெளுப்பாக இருக்கும். சரிவுகளில் ஈரமண் தெரியும். ஓரத்தில் நட்ட நாட்டுச் செடிகள் முழங்காலைக்கூட எட்டியிருக்காது. பத்து ஆண்டில் யூகலிப்டஸ் மரங்கள் உயர்ந்து சுவரை மறைக்கும், மழைநீர் கான்கிரீட்டில் கறை இறக்கும். முதல் ஆண்டுப் படமும் பத்தாம் ஆண்டுப் படமும் ஒரே மேம்பாலத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், ஒரு நகரம் தன் சாலையை எப்படித் தனதாக்கிக்கொண்டது என்பதற்கு அவையே சான்று.

சிற்பங்களே மாறும் இடமும் பக்கத்தில் இருக்கிறது. ஈஸ்ட்லிங்க்கின் தென்முனையிலிருந்து 2013 ஜனவரியில் திறந்த பெனின்சுலா லிங்க் சாலை தொடங்குகிறது. அதன் ஓரத்தில் நிறுவும் படைப்புகள் சில ஆண்டுகள் நின்றபின் லாங்வாரினில் உள்ள மெக்லெல்லண்ட் சிற்பப் பூங்காவுக்குப் போய்ச் சேர, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. டீன் கால்ஸ் வடித்த மாபெரும் ஆட்டுக்கடா மண்டையோடு நின்ற இடத்துக்கு 2014இல் கிரெகர் கிரேகரின் பளபளக்கும் எஃகுக் குள்ள உருவம் வந்தது. அந்த மண்டையோடு சாலையோரத்தில், ஓடும் வண்டிகளின் நடுவே நின்ற காட்சி இன்று படங்களில் மட்டுமே இருக்கிறது.