பவுனில் பத்தில் ஒன்று

லேக் மார்க்கெட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாவில் மட்டுமன்று, நிறையிலும் இரண்டு மொழிகள் உண்டு. வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் அங்கே தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம். நகைக்கடைப் படியேறினால் அந்த வசதி போய்விடும். நாம் கேட்பது பவுன்; வங்காளப் பொற்கொல்லர் நிறுப்பதோ 'பொரி'. கல்கத்தாவுக்கு வந்த புதிதில் எங்கள் அம்மா அச்சொல்லைக் கேட்டு, "தங்கம் விற்கும் கடையில் பொரியும் விற்கிறார்களா?" என்று வியந்தாராம்.

வங்காளத்துப் பொரி என்பது பழைய தோலாவே. அதன் எடை 11.664 கிராம், 16 அணாக்கள் கொண்டது. நமது பவுனோ ஆங்கிலேயரின் சவரன் நாணயத்தின் வழி வந்தது. 22 காரட் தங்கத்தாலான அந்நாணயத்தின் எடை 7.988 கிராம். நம் கடைகள் அதனை 8 கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டன.

கடைக்காரர் பொரியில் எழுதித் தந்த சீட்டுகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, பவுனாக மாற்றி, நீல அட்டையிட்ட ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அரை நூற்றாண்டு வங்கத்தில் வாழ்ந்தும் அவ்வழக்கத்தை விட்டாரில்லை. ஊரில் உள்ளவர்களுக்குக் கணக்குச் சொல்வதென்றால் பவுனில்தானே சொல்ல வேண்டும்?

இறுதிவரை அவர் எங்களுடனேயே இருந்தார். அவர் மறைந்தபின் நகைகளைப் பொற்கொல்லரிடம் எடுத்துச் சென்று நிறுத்தோம். "24 இருக்கிறது" என்று சென்னையிலிருந்த தம்பிக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணா, 35 இருக்கிறது என்று அம்மா சொன்னாளே, மீதி 11 எங்கே?" என்று கேட்டான்.

அவன் குரலில் சினமில்லை. அதுவே எங்களை அதிகம் வருத்தியது. நோட்டைப் புரட்டினோம், 35 என்றே இருந்தது. அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. விடியற்காலையில்தான் உண்மை விளங்கிற்று. 35 பவுன் என்பது 280 கிராம். 280 கிராம் என்பது 24 பொரி. ஒரு குன்றிமணியும் குறையவில்லை. எண்ணைச் சொன்ன நாங்கள் அளவின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டோம்.

அண்மையில் எஸ்பெராண்டோ மொழியைப் பற்றிப் படித்தபோது இந்நிகழ்ச்சி மீண்டும் நினைவுக்கு வந்தது. மாந்தர் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று டாக்டர் ஸாமென்ஹாஃப் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி அது. மொழி பொதுவானால் போதுமா, பணமும் பொதுவாக வேண்டாமா? ஸ்பெஸ்மிலோ என்னும் பணத்தை 1907ஆம் ஆண்டில் முன்மொழிந்தார் ரெனே தெ சொசூர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர். மொழியியலில் புகழ்பெற்ற ஃபெர்டினான் தெ சொசூரின் தம்பி இவர். பின்னங்களே வேண்டாம் என்று மிகச் சிறிய 'ஸ்பெஸோ'வை அடிப்படையாக வைத்து, அவ்வாறான ஆயிரத்தை ஒரு ஸ்பெஸ்மிலோ என்றனர். அதன் மதிப்பு 0.8 கிராம் 22 காரட் தங்கம்.

இவ்வெண்ணைக் கண்டதும் நாங்கள் அம்மாவின் நோட்டை எடுத்தோம். 0.8 கிராமைப் பத்தால் பெருக்கினால் 8 கிராம். பத்து ஸ்பெஸ்மிலோ சேர்ந்தால் நம் வீட்டுப் பவுன் ஒன்று! அம்மாவின் 35 பவுனும் 350 ஸ்பெஸ்மிலோ. 1899ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் ஒரு சவரன் 15 ரூபாய்க்குச் செல்லுபடியானது. ஆகவே, ஒரு ஸ்பெஸ்மிலோ அன்றைய ஒன்றரை ரூபாய்க்கு ஈடாகும். எந்த நாட்டுக்கும் உரியதன்று என்று படைக்கப்பட்ட பணம், நம் பாட்டிமார் கழுத்தில் அணிந்த பவுனுக்கு உறவாக நிற்பது வியப்பன்றோ? அன்றைய உலக வாணிகத்தில் சவரனுக்கு இருந்த செல்வாக்கை எண்ணினால் அவ்வியப்பும் அடங்கிவிடும்.

இலண்டனில் எஸ்பெராண்டோக்காரர்களின் காசோலை வங்கி ஒன்று இப்பணத்தில் கணக்கு வைத்தது. ஆனால், 1914ஆம் ஆண்டில் மூண்ட பெரும்போர் அந்த முயற்சியைத் தொடரவிடவில்லை. பொது அளவு ஒன்று வகுத்துவிட்டால் மக்களிடையே பிணக்குகள் குறையும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். அந்நம்பிக்கையை எள்ளி நகையாட எங்களுக்கு மனம் வரவில்லை. பொது அளவில்லாமல் ஓர் இரவு துன்புற்றவர்கள் அல்லவா நாங்கள்? எனினும் ஒன்று தெளிவாயிற்று. தராசு ஒன்றாயிருந்தாலும் நெஞ்சில் ஐயம் புகுந்துவிட்டால் தங்கம் எடை குறைந்தே தோன்றும்.

தம்பி கல்கத்தாவுக்கு வந்தான். மீண்டும் நிறுத்துக் காட்ட முன்வந்தோம், வேண்டாமென்று கையமர்த்தினான். அம்மாவின் நோட்டை வாங்கி, 35 பவுன் என்ற வரியின் கீழ், "24 பொரி, 280 கிராம்" என்று தன் கையாலேயே எழுதினான். அதன்பின் எங்கள் குடும்பத்தில் யாரும் வெறும் எண்ணை மட்டும் சொல்வதில்லை.