படத்தின் பின்பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பின் தெரியாத ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். ராசிபுரம் பக்கத்துப் பிள்ளை.

"ஐயா, நாமகிரிப்பேட்டைப் பக்கம் அண்ணமார் கதை பாடுனவங்கள நீங்க அந்தக் காலத்துல போட்டோ எடுத்தீங்கன்னு சொன்னாங்க. எங்க அப்பாரு அதுல இருப்பாருங்களா? அவரு படம் ஒண்ணுகூட வீட்டுல இல்லீங்க" என்றார்.

எடுத்தது உண்மைதான். 1979-இல் ராசிபுரத்தில் தபால் குமாஸ்தாவாக இருந்தேன். நண்பரிடம் அக்ஃபா க்ளிக் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, ஒரு கிராமத்துக் கோயிலில் உடுக்கடிப் பாட்டு கேட்கப் போனேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஃப்ளாஷ் கிடையாது. பொன்னரும் சங்கரும் மாண்டு, பொழுது விடிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. அதில் தேறியது ஒன்று.

ஆல்பத்தை எடுத்து இருவரும் பார்த்தோம். வேப்பமரத்தடியில் உடுக்கைக்காரர். காலில் சலங்கை. தரையில் அணைந்த குத்துவிளக்கு, முறத்தில் அரிசி, மடித்த கம்பளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அவருடைய இடது கை நன்றாகத் தெரிந்தது. உடுக்கையின் நடுவே ஓடும் கயிறுகளை விரல்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை இறுக்கினால் நாதம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். சங்கர் சாகும் இடத்தில் உடுக்கை அழுததாக எனக்குத் தோன்றியதே, அது இந்த விரல்களின் வேலை. டேப்பில் அழுகை கேட்கும். விரலைப் படத்தில்தான் பார்க்க முடியும்.

இதை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் அம்மையார் 1960-களில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் இதே அண்ணமார் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். டச்சுக்காரரான ஆர்னால்ட் பேக் 1938-இல் தென்னிந்தியாவில் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலிப்பதிவு செய்ததோடு நில்லாமல், படமும் பிடித்தார். 1984-இல் ஜைராஸ்போயும் ஏமி கேட்லினும் அவர் போன வழியிலேயே மறுபடி போய், அந்தப் பதிவுகளைக் கொண்டு பழைய கலைஞர்களையும் அவர்கள் வாரிசுகளையும் தேடினார்கள். அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸ் 1952-இல் ஸ்பெயின் நாட்டுக் கிராமங்களில் டேப் ரெக்கார்டரோடு கேமராவையும் சுமந்துகொண்டுதான் அலைந்தார். பாட்டு எங்கே பிறக்கிறது, யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதெல்லாம் ஒலியில் வராது அல்லவா?

இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். இளைஞர் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "பேரு எழுதலீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். படத்துக்குக் கீழே எழுதும் விவர வரியைப் பிரெஞ்சில் 'லெஜாந்த்' என்பார்கள். பழங்கதைக்கும் அதே சொல்தான். படிக்கப்பட வேண்டியது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லெஜாந்தைப் பாடியவரைப் படம் எடுத்துவிட்டு, அதற்கு ஒரு லெஜாந்த் எழுதாமல் விட்டேன்! ஆபீஸில் பெறுநர், அனுப்புநர் இல்லாமல் ஒரு பதிவுத் தபாலையாவது வாங்கியிருப்பேனா? அதே நாமகிரிப்பேட்டையின் நாதஸ்வர மேதை கிருஷ்ணன் 1981-இல் சங்கீத கலாநிதி ஆனவர். அவர் படத்துக்குக் கீழே பெயர் இல்லாமல் போகுமா? இந்த உடுக்கைக்காரருக்கு யார் எழுதுவார்கள்? நான்தான் எழுதியிருக்க வேண்டும்.

"நடுவில் இருப்பவர்தான் உங்கள் அப்பாராக இருக்கும்" என்று சொல்லிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து போன் வந்தது.

"ஐயா, அத்தைகிட்டக் காட்டினேனுங்க. நடுவுல இருக்கறவரு இல்லையாம். வலது ஓரத்துல பாதி தெரியறாரே, தாளம் போடறவரு, அவருதானாம். சுண்டுவிரல் வளைஞ்சிருக்குது பாருன்னு கையைத் தடவிக்கிட்டே இருந்துச்சுங்க. அத்தைக்கு எண்பத்தி மூணு வயசுங்க."

மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாதி முகம், ஒரு தோள், ஒரு கை. ஓரம் வெட்டுப்பட்டு படம் கெட்டுவிட்டதே என்று இத்தனை வருஷம் நான் நினைத்திருந்த பகுதி அது. விடியவிடியப் பின்பாட்டுப் பாடி, பாடகரைத் தாங்கிப் பிடித்தவரை நான் பாதியாக நறுக்கியிருக்கிறேன். பையன் அதைக் குறையாகவே சொல்லவில்லை. "பாதியாச்சும் கெடச்சுதுங்களே" என்றான்.

அன்றே பென்சிலை எடுத்தேன். மை ஊறிவிடும் என்பதால் பென்சில். பின்பக்கம் ஊர், வருஷம், ஓரத்தில் இருப்பவர் பெயர், அவர் என்ன வாசித்தார் என்பதை எழுதினேன். நடுவில் இருப்பவருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அத்தைக்கும் அவர் பெயர் நினைவில்லை. "மெட்டாலாப் பக்கம்" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தப் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.