டெஸ்டிங் பெண்களுக்கு நல்லது

“அல்காரிதம் சார் எடுக்கட்டும். டெஸ்டிங்க நீங்க எடுங்க மேடம். பொண்ணுகளுக்கு அதுதான் சரியா வரும்.”

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், புதிய விருப்பப்பாடம் பற்றிப் பேசிய கூட்டத்தில் இதைச் சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேலைக்குப் போகும் மாணவிகளுக்கும் இதே அறிவுரைதான் கிடைக்கிறது. பையன் என்றால் டெவலப்பர், பெண் என்றால் டெஸ்டர். ஒருவர் உருவாக்க வேண்டும். மற்றவர் அதில் குறை இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே பாடமாக வைப்போம் என்றேன். காரணம் கேட்டார்கள். பைனரி சர்ச்சைச் சொன்னேன். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்து, தேடுவது எந்தப் பாதியில் இருக்கும் என்று முடிவுசெய்யும் முறை அது. நடுவைக் காண, தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்போம். பட்டியலில் 107 கோடிக்கும் மேல் உறுப்புகள் இருந்தால், அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் எண்ணின் எல்லையான 214 கோடியைத் தாண்டி மைனஸ் எண்ணாக மாறிவிடலாம். ஜாவாவுக்காக இதை எழுதிய ஜோஷுவா ப்ளாக், தன் நிரலில் இந்தப் பிழை இருந்ததை 2006இல் தானே எழுதி வெளியிட்டார். அதற்குள் சுமார் ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. எல்லையைச் சோதிக்கத் தெரியாதவருக்கு அல்காரிதமும் முழுதாகத் தெரியாது.

பாடம் ஒப்புதலானது. ஒரு வாரம் எழுத வேண்டும். மறுவாரம் அடுத்தவர் எழுதியதைச் சோதிக்க வேண்டும். முதல் பயிற்சி ஒரு விண்ணப்பப் படிவம். வயதில் மைனஸ் ஒன்று, தொலைபேசி எண்ணில் எழுத்து என்று பலரும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாணவி மட்டும் எதுவும் போடாமல் உட்கார்ந்திருந்தாள். “தகப்பன் பேரு கட்டாயம்னு இருக்கு மிஸ். எங்க வீட்ல அம்ம மட்டும்தான். எனக்க இனிஷியலும் அம்மைக்கதான். நான் என்ன போட?”

அதை அப்படியே டெஸ்ட் கேஸாக எழுதச் சொன்னேன். பிறகு மற்றவர்களும் எழுதினார்கள்: கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றாதவள், கணவனைப் பிரிந்தவள், ‘கடைசிப் பெயர்’ என்று ஒன்று இல்லாத நாங்கள் எல்லோரும்.

அன்று மார்கரெட் ஹாமில்டனைப் பற்றிப் பேசினேன். அப்போலோ விண்கலங்களுக்கான மென்பொருள் குழுவை நடத்தியவர். வேலையிடத்துக்கு அவர் கூட்டிப்போன சிறுமகள், மாதிரிக் கருவியில் விளையாட்டாகப் பொத்தான்களை அழுத்தினாள். பறக்கும்போது, புறப்படுவதற்கு முன்பு ஓட வேண்டிய நிரல் ஓடி, எல்லாம் நின்றுபோனது. இதற்கொரு தடுப்பு வைக்கலாம் என்றார் ஹாமில்டன். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்கள் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில், அப்போலோ 8இல், ஜிம் லோவல் அதே தவறைச் செய்தார்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், லேப் நேரத்தை மாலை நாலு முதல் ஆறு வரை வைத்திருந்தேன். மூன்று மாணவிகள் வாரந்தோறும் பாதியில் எழுந்து போனார்கள். வருகைப் பதிவைக் குறைத்தேன். ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டபோது, “அஞ்சே காலுக்கு வடசேரியில பஸ்ஸ விட்டா அடுத்தது எட்டு மணிக்குத்தான் மிஸ். வீட்ல படிப்பையே நிறுத்திருவாங்க” என்றாள் ஒருத்தி. என் கால அட்டவணையை நான் என் ஸ்கூட்டரை வைத்துத்தான் சோதித்திருந்தேன்.

காலை நேரத்தை மாற்றித் தரும்படி அல்காரிதம் சாரிடம் கேட்டேன். “மூணு பொண்ணுகளுக்காகவா மேடம்?” என்றார்.

“அப்போலோ 8இல போனதும் மூணு பேருதான் சார்.”

சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். லேப் இப்போது காலை ஒன்பதரைக்கு. குறைத்த வருகையைத் திருத்திவிட்டேன்.