அப்பாவின் ஈய எழுத்துகள்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூன்று சாக்கு மூட்டைகள் பல ஆண்டுகளாகக் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் அம்மா முணுமுணுப்பார். அப்பா கேட்டுக்கொள்ளவே மாட்டார். அவை அச்செழுத்துகள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தை, ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தார். ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது, ட்ரெடில் நின்றது. அச்சகத்தை மூடியபோது முதலாளி, "எடுத்துக்கொண்டு போ" என்று கொடுத்தவை அந்த மூட்டைகள்.

சென்ற ஜூன் மாதம் தங்கைக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பணம் கட்ட வேண்டும். அப்பா ஒன்றும் பேசாமல் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்.

பழைய இரும்பு வியாபாரி வந்தார். ஓர் எழுத்தை எடுத்து நகத்தால் கீறினார். சிமெண்டுத் தரையில் போட்டுச் சத்தம் கேட்டார். "அண்ணே, இது சுத்த ஈயம் இல்லை, கலப்படம். ஈய விலைகூடப் போடமுடியாது" என்றார். அப்பாவின் முகம் சுருங்கியது. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது!

மறுநாள் சில எழுத்துகளைக் காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பேராசிரியர் சிரித்துவிட்டு, "இது கலப்படம் அல்லப்பா, கலவை. வேண்டுமென்றே கலந்தது" என்றார்.

நண்பர்களே, அச்செழுத்தில் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் உண்டு. தனி ஈயம் மென்மையானது; ஆயிரம் தாள் அடித்தால் எழுத்து நசுங்கிவிடும். இறுகும்போது சுருங்கவும் செய்யும். ஆன்டிமனி அதற்குக் கடினத்தைத் தந்து, சுருக்கத்தையும் குறைக்கிறது. வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாயும். வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகத்தில் ஏறக்குறைய ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 விழுக்காடு. தனி ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும். இந்தக் கலவைக்கு 240 பாகையே போதும். கையால் கோக்கும் தனி எழுத்தில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் இன்னும் அதிகம். அவை இரண்டும் ஈயத்தைவிட விலை கூடியவை.

எழுத்துகளைத் தராசில் நிறுத்து, அளவு உருளையில் இட்டு நீர் ஏறுவதைக் குறித்தேன். அடர்த்தி ஒன்பதுக்குச் சற்று மேல் வந்தது. ஈயத்துக்கு 11.34. ஓர் எழுத்தைக் குறட்டால் வளைத்தேன். வளையாமல் பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த முகம் சாம்பல் நிறத்தில் பொடிமணியாக மின்னியது. பேராசிரியர் என்னை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்ன பிறகே வெளியே விட்டார். ஈயம் நஞ்சல்லவா?

அன்றிரவு நானும் அப்பாவும் மூட்டைகளைக் கொட்டிப் பிரித்தோம். அடியில் பள்ளமும் பக்கவாட்டில் காடியும் உள்ளவை எழுத்துகள். காடியைக் கட்டைவிரலால் தடவியே எழுத்து நிமிர்ந்திருக்கிறதா என்று அறிவாராம் அப்பா. வரிகளுக்கு இடையில் வைக்கும் லெட் தகடுகள் கையால் வளைந்தன; அவற்றில் ஈயமே மிகுதி. கடைசியில் சில படத் தகடுகள் கிடைத்தன. ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் பொங்கி நுரைத்தன. துத்தநாக பிளாக்குகள்! எழுத்தில் விட்ட அமிலம் சும்மா இருந்தது.

துத்தநாகம் சிறிது கலந்தாலும் உருக்கிய ஈயம் கூழாகித் திரண்டு, வார்ப்புக்கு உதவாமல் போகும். வியாபாரிக்கு இது தெரியாது. அந்தத் தகடுகள் மூன்று கிலோ தேறும். சாக்கோடு சாக்காகப் போட்டுவிட்டால் என்ன என்று, உண்மையைச் சொன்னால், எனக்குத் தோன்றியது. வாய்விட்டும் சொன்னேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அச்சு முடிஞ்சதும் ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில பிரிச்சுப் போடணும். ஒண்ணு மாறி விழுந்தா அடுத்தவன் கோக்கிறது தப்பாப் போகும். முப்பது வருஷம் நான் மாத்திப் போட்டதில்லடா" என்றார்.

நான் தலை குனிந்தேன்.

வியாபாரி வந்தபோது மூன்று குவியல்களையும் தனித்தனியே காட்டி விளக்கினேன். அமிலச் சோதனையையும் செய்து காட்டினேன். அவர் துத்தநாகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்துகளுக்கு ஈய விலைக்கும் மேலே கொடுத்தார். "இது எதற்குப் போகும்?" என்று கேட்டேன். "வலைக்குண்டு, பேட்டரித் தகடு, எது வேணும்னாலும்" என்றார். கடினமான உலோகம் என்பதால் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களும் வெளிநாடுகளில் அச்செழுத்தைத் தேடுகிறார்கள். 1776இல் நியூயார்க் மக்கள் தங்களை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையையே இடித்தார்கள். அந்த ஈயமும் குண்டுகளாயிற்று. அறிவைப் பரப்பிய எழுத்து குண்டாவதும், குண்டாக வேண்டியது எழுத்தாவதும் உருக்குபவன் கையில் அல்லவா இருக்கிறது!

எல்லாவற்றையும் அப்பா விற்றுவிடவில்லை. யானைத் துதிக்கை போல வளைந்த பழைய 'லை', 'னை' எழுத்துகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டார். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அவை வழக்கொழிந்தன. அவற்றோடு இன்னும் ஒரு கைப்பிடி எழுத்தும், பழைய ஸ்டிக் ஒன்றும்.

இரண்டு நாள் கழித்து அந்த ஸ்டிக்கை என்னிடம் நீட்டினார். கண்ணாடியில் பிடித்துப் படித்தேன். என் பெயர்! பெயருக்குப் பிறகு ஒரு காற்புள்ளி. அதன்பின் எழுத்தில்லாத வெற்றுக் கட்டைகள்.

"இது என்னப்பா?"

"குவாட். அந்த இடத்துக்கு எழுத்து அடுத்த வருஷம் வரும். அதுவரைக்கும் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

எங்கள் குடும்பத்தில் யாரும் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டதில்லை. ஸ்டிக் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கரிம வேதியியல் தலைக்கு ஏறாத இரவுகளில் அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு கைகழுவிவிட்டுப் படிக்க உட்காருகிறேன்.