மலைச்சரிவே அச்சாக

சிட்னியிலிருந்து



இந்த நகரத்தின் மேற்குப் பக்கம் பாட்ஸ் ஹில் என்று ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ஊட்டிப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போக எனக்கு ஆசை. முத்தோரையில் நிற்கிறதே ரேடியோ தொலைநோக்கி, அதைக் கட்டியவர் தொழில் கற்ற இடங்களில் அது ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் செய்வதற்காகச் சிட்னியில் ஓர் ஆய்வகம் இயங்கியது. போர் முடிந்ததும் அதே நுட்பத்தை வானத்தின் பக்கம் திருப்பினார்கள். 1953-ல் அங்கே பயிற்சிக்கு வந்தார் உத்தரப் பிரதேசத்துக்காரரான கோவிந்த் ஸ்வரூப். கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து வந்த பார்த்தசாரதியும் அவரும் சேர்ந்து, பாட்ஸ் ஹில்லில் வரிசையாக நின்ற 32 டிஷ்களை வேறு அலைவரிசைக்கு மாற்றிச் சூரியனை ஆராய்ந்தார்கள். ஆறடி விட்டமுள்ள அந்த டிஷ்களைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், இந்தியாவுக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார் ஸ்வரூப். 1965-ல் மும்பைக்கு அருகே கல்யாணில் அவை மறுபடி வேலைக்கு வந்தன.

இதற்கிடையே அமெரிக்கா போய் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டமும் வாங்கியிருந்தார். 1961-ல் அவரும் டி.கே. மேனன், முகுல் குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோரும், நாடு திரும்பி ரேடியோ வானியல் குழு அமைக்கத் தயார் என்று தாயகத்துக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ஹோமி பாபா தட்டாமல் ஏற்றுக்கொண்டார். 1963-ல் ஸ்வரூப் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஆன்டெனா வேலையே என் பிழைப்பு. அதனால் இதற்கடுத்து அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றும். பூமி சுழல்வதால் வானத்துப் பொருளை விடாமல் தொடர, தொலைநோக்கியும் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் திரும்ப வேண்டும். நீலகிரி இருப்பது வடக்கே 11 பாகை அட்சரேகையில். ஆகவே அந்த அச்சு தரையிலிருந்து 11 பாகை உயர்ந்திருக்க வேண்டும். அதற்கென்று தாங்குகோபுரம் எழுப்பவில்லை. வடக்கு நோக்கி அதே 11 பாகை ஏறும் மலைச்சரிவைத் தேடி, முத்தோரையில் கண்டுபிடித்தார்கள்.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கீழே மலைக்காய்கறித் தோட்டங்கள். மேலே 24 எஃகுச் சட்டங்கள். அவற்றின் மீது இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே பிரதிபலிக்கும் பரப்பு. அலைநீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர் என்பதால் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ரேடியோ அலைக்குத் தெரியாது. மலைக்காற்று மட்டும் புகுந்து போய்விடும். கிழக்கு மேற்காகத் திருப்ப மோட்டார். வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்த எதையும் அசைக்க வேண்டாம்; 1,056 இருமுனை ஆன்டெனாக்களின் கட்டத்தை மின்னணு முறையில் மாற்றினால் போதும்.

1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் மறைந்தார். பணி நிற்கவில்லை, 1970-ல் தொலைநோக்கி இயங்கியது. தொலைதூர ரேடியோ மூலத்தைச் சந்திரன் மறைக்கும்போது அலைகள் குறையும் விதத்தை அளந்து, மூலத்தின் அளவைக் கணித்தார்கள். மங்கலான, அதாவது பெரும்பாலும் தொலைவிலுள்ள மூலங்கள் சிறிதாகவே தெரிந்தன. 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாகியும் வெளியிட்ட இந்த முடிவுகள், பிரபஞ்சம் காலந்தோறும் மாறிவந்தது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு வலு சேர்த்தன.

கோவையில் இ.சி.இ. படிக்கும் குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகளே, லீவுக்கு வரும்போது அனுமதி கேட்டு முத்தோரைக்குப் போய்வாருங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 23 மீட்டர் இடைவெளி. 24 சட்டங்களும் பிசகாமல் ஒன்றாகத் திரும்புவது எப்படி என்று அங்கிருக்கும் பொறியாளர்களிடம் கேளுங்கள்.